சட்டத்துக்கு அந்தப் பக்கம்

"மதினி, நான் போகட்டா, இருக்கட்டா?"

ராசி இதைக் கேட்டபோது அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மரச்சட்டம் நின்றது. சட்டத்தில் வெள்ளைத் துணி விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தது. நான் துணியின் முதுகுப் பக்கம் நின்றேன், கையில் துப்பாக்கியோடு. அவள் முகப்புப் பக்கம் நின்றாள், கையில் கத்தரியோடு.

துப்பாக்கி என்றதும் பதற வேண்டாம். சுவரில் ஓட்டை போடுகிற மிஷின் மாதிரி ஒன்று. அதன் ஊசியில் நூலைக் கோத்து, துணியின் முதுகில் வைத்து அழுத்தினால், தடதடவென்று நூலைத் துணிக்குள் குத்திக்கொண்டே போகும். முதுகுப் பக்கம் வெறும் தையல் கோடுகள்தான் தெரியும். முகப்புப் பக்கம் நூல் குஞ்சம் குஞ்சமாக முளைத்து, மெத்தென்று ஒரு படம் உருவாகும். அதைக் கத்தரியால் ஒதுக்கி, மேடு பள்ளம் செதுக்குவது ராசியின் வேலை. அதாவது படத்தைப் போடுகிறவளுக்குப் படம் தெரியாது. அந்தப் பக்கம் நிற்கிறவள் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

அவள் கேட்டது என் காதில் நன்றாக விழுந்தது. விசையை அழுத்தியபடியே நின்றேன். துப்பாக்கியை நகர்த்த வேண்டும் என்பது மறந்துவிட்டது. ஒரே இடத்தில் ஊசி இறங்கி இறங்கி, துணி டர்ரென்று ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

மத்தியான வெயில். மாடி அறையின் தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. மிஷினை நிறுத்தியதும் மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

கிழிசலையும் அவளையும் அப்படியே நிற்கவைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ராசியைத் தெரியாமல் அந்தக் கேள்வியின் கனம் உங்களுக்குப் புரியாது.

அண்ணன் வீடு

ராசி என் வீட்டுக்காரரின் தங்கை. நான் அருப்புக்கோட்டைக்கு வாழ வந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பிறகு அவளை மல்லாங்கிணற்றில் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு வருடம்கூட நிறையவில்லை. மாப்பிள்ளை காய்ச்சலில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு என் மகன் பிறந்து, வளர்ந்து, பெங்களூருக்கு வேலைக்குப் போகும் வரைக்கும் எங்களோடுதான் இருந்தாள்.

நாங்கள் ஒன்றும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழவில்லை. ஒரே அடுப்படியில் இரண்டு பெண்கள் என்றால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நான் சுருக்கென்று பேசுகிறவள். அவள் பதிலே பேச மாட்டாள். பதில் பேசாதவர்களோடு சண்டை போடுவதைப் போலக் கொடுமை கிடையாது.

என்னை எரிச்சலூட்டியது அவளுடைய அடக்கம்தான். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாள். தனியாக இருந்தால் விசிறி போட மாட்டாள். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போனால், கடைக்காரர் எடுத்துப் போடுவதில் அடியில் கிடப்பதை உருவுவாள். என்ன கேட்டாலும், "ஒண்ணும் வேணாம் மதினி." இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தக் கொதிப்பே வந்திருக்கும். வந்துமிருக்கிறது, மாத்திரை போடுகிறேன்.

நான் அதை அழுத்தக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி ஒருத்தி வருடக்கணக்காகக் கிளம்பாமல் இருந்தால் எப்படிக் கூச்சப்படுவாளோ அப்படிக் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெங்களூரிலிருந்து வந்த பெட்டி

துப்பாக்கி என் மகனுடையது. பெங்களூரில் அவன் சேக்காளிகள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பளம் செய்யக் கற்றுக்கொண்டார்களாம். இவனும் போய்க் கற்றுக்கொண்டு, மிஷினும் வாங்கிவிட்டான். அப்புறம் வழக்கம்போல ஆசை விட்டுப்போயிற்று. வீடு மாறும்போது, வைக்க இடமில்லை என்று பெட்டியோடு எங்கள் தலையில் கட்டினான். ஏற்கனவே அவனுடைய கிடார் ஒன்று எங்கள் பரண்மேல் கிடக்கிறது.

என் வீட்டுக்காரர் நூல் கடை வைத்திருக்கிறார். தறிக்காரர்களுக்குச் சாய நூல் கொடுக்கிற கடை. வீடு முழுக்கக் கோன் கோனாக மிச்ச நூல் கிடக்கும். ஒரு நாள் பொழுது போகாமல் பெட்டியைத் திறந்தேன். செல்போனில் வீடியோ பார்த்து, தச்சரிடம் சொல்லி ஒரு சட்டம் அடித்து, ஓரமெல்லாம் ஆணிப்பட்டை வைத்துத் துணியை இழுத்துக் கட்டினேன். முதல் தடவை விசையை அழுத்தியபோது கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது நாள் அடுப்பில் குழம்பு தீய்ந்தது.

குழம்பு தீய்ந்த வாசனைக்கு மாடிக்கு ஏறி வந்த ராசி, சட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். நான் ஏதோ கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "மதினி, இங்கிட்டு அழகா இருக்கு," என்றாள். அவளாக வாய் திறந்து ஒன்றை நன்றாக இருக்கிறது என்று சொன்னது அன்றைக்குத்தான்.

இடது கை விதைப்பு

காரியாபட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். புதுக் கடைக்குச் சுவரில் மாட்ட ஏதாவது செய்து தாருங்கள் என்றார். கூடையை இடுப்பில் வைத்து, ஒரு பெண் விதை தூவுகிற மாதிரி நேர்த்தியாக வரைந்தேன். நேராகத்தான் வரைந்தேன், வலது கையில் விதை. துணியின் முதுகில்.

வேலை முடிகிற வரைக்கும் எனக்கும் தோன்றவில்லை, அந்தப் பக்கம் கத்தரியோடு நின்ற ராசிக்கும் தோன்றவில்லை. முகப்பில் இடம் வலமாகும், வலம் இடமாகும் என்பது வீடியோவில் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லியிருக்கிறானாம். நான்தான் அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். கடைத் திறப்பு அன்று மாட்டினோம். விதைக்கடைக்காரரின் அம்மா ஏறிட்டுப் பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார்.

"இடது கையில வெதச்சா வெளங்குமா?"

சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். காரியாபட்டியிலிருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் ராசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு நானும் சிரித்துவிட்டேன். அந்த இடக்கைக்காரி இப்போதும் எங்கள் மாடிப்படிச் சுவரில் விதைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

விருதுநகர் பக்கம், திருச்சுழி பக்கம்

அதற்குப் பிறகு உஷாரானோம். ஆனால் உஷாராக இருப்பதற்காகவே தினமும் சண்டை வந்தது. "இடது பக்கம் கொஞ்சம் அடிங்க மதினி" என்பாள். உன் இடதா, என் இடதா என்று கேட்பேன். "என் இடது" என்பாள். அப்படியென்றால் எனக்கு வலது. அதை யோசித்து முடிப்பதற்குள் "இல்ல, உங்க இடதத்தான் சொன்னேன்" என்பாள். நூலைப் பிடுங்கி எடுப்பதே பாதி வேலையாக இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "ஐயோ மதினி, விருதுநகர் பக்கம். விருதுநகர் பக்கம்னு சொல்றேன்."

சட்டென்று விளங்கியது. எங்கள் மாடி அறையில் மேற்கே விருதுநகர், கிழக்கே திருச்சுழி. அவள் எந்தப் பக்கம் நின்றாலும் நான் எந்தப் பக்கம் நின்றாலும் ஊர்கள் இடம் மாறப்போவதில்லை. அன்றோடு இடது வலது ஒழிந்தது. "திருச்சுழி பக்கம் ரெண்டு விரக்கடை." "விருதுநகர் பக்கம் மொட்டையா இருக்கு." இப்படித்தான் எங்கள் பேச்சு. பிற்பாடு சென்னையில் கலைக்கூடம் நடத்தும் ஒரு பெண் போன் செய்து, நாங்கள் அனுப்பிய படத்தின் இடப்பக்க மூலையில் நிறம் கொஞ்சம் கனமாக இருக்கிறதோ என்று நாசூக்காகக் கேட்டார். ராசி போனை வாங்கி, "எது, விருதுநகர் பக்கமா?" என்றாள். அந்தப் பெண் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த அறைக்குள் ராசி வேறு ஆளாக இருந்தாள். கீழே விசிறி போடக் கூசுகிறவள், மேலே என்னை அதட்டினாள். "அங்கன போதும், நிப்பாட்டுங்க" என்றால் நிறுத்தியாக வேண்டும். நான் அடித்ததை எனக்கே தெரியாமல் கத்தரியால் மழித்துவிட்டு, "அது நல்லா இல்ல, எடுத்துட்டேன்" என்பாள். ஒரே வீட்டில் அத்தனை வருடம் இருந்தும், அவளோடு எனக்கு நட்பு உண்டானது நடுவில் ஒரு துணியைக் கட்டிய பிறகுதான்.

பெய்யாத மேகம்

சென்னைப் பெண் ஒரு பெரிய கண்காட்சிக்காக ஆள் உயரத்துக்கு மேல் ஒன்று கேட்டார். எது வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றார். நாங்கள் கரிசல் காட்டைச் செய்தோம். உழுது போட்ட வெறும் நிலம். அதன்மேல் ஒரு மேகத்தின் நிழல் நகர்ந்து போகிறது. மேகம் படத்தில் இல்லை, நிழல் மட்டும்தான். எங்கள் பக்கத்தில் ஆடி, ஆவணி எல்லாம் அப்படித்தான். நிழல் வரும், எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம், நிழல் போய்விடும்.

கறுப்பு, சாம்பல், கருங்காவி, இருட்டு நீலம் என்று கடையில் இருந்த அடர்நிறங்கள் எல்லாம் மாடிக்கு வந்தன. நிழலின் ஓரத்தை மட்டும் ராசி வாரக்கணக்கில் செதுக்கினாள். வெயில் முடிந்து நிழல் தொடங்குகிற இடம் கையில் தடவினால் தெரிய வேண்டும் என்பது அவள் ஆசை.

அந்தச் சமயத்தில்தான் கணேசன் வந்தார். நரிக்குடியில் இரும்புக் கடை வைத்திருப்பவர், எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. மனைவி தவறிப் போய் நாளாகிறது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஏதோ கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவரை என் வீட்டுக்காரர் பெருமைக்காக மாடிக்கு அழைத்து வந்தார்.

மனுஷன் படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தொடலாமா என்று ராசியிடம் கேட்டுவிட்டு, நிழலின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு, "இந்த மேகம் பேயுமா?" என்றார்.

"இங்க பேயாது," என்றாள் ராசி. "திருச்சுழி பக்கமாத்தான் நகருது. உங்க ஊருல போயி பேயும்."

"பேஞ்சா நல்லதுதான். கம்மா காஞ்சு கெடக்கு."

அவ்வளவுதான் பேச்சு. நான் முதுகுப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ராசியின் குரலில் அப்படி ஒரு குறும்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அடுத்த வாரமே நரிக்குடியிலிருந்து ஆள் விட்டு ராசியைப் பெண் கேட்டார்கள்.

எல்லோரும் சொன்ன ஒரே பதில்

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சிக்கு ஒரு வழி பிறந்துவிட்டது, யோசிக்க என்ன இருக்கிறது, போ என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். பெங்களூரிலிருந்து மகன், சூப்பர் அத்தை, உடனே சரி சொல்லுங்கள் என்றான். கடையில் வேலை பார்ப்பவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள், சொந்தக்காரர்கள் என்று யாரைக் கேட்டாலும் போ என்றார்கள். எல்லோருக்கும் உண்மையாகவே சந்தோஷம்.

ராசி மட்டும் பிடி கொடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். நரிக்குடியில் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நீ சொன்னால்தான் கேட்பாள், நல்லபடியாகப் போய் வா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. சொல்ல வேண்டியது அதுதான் என்று எனக்கும் தெரியும். குளிக்கும்போதும் கறி நறுக்கும்போதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். போ ராசி. சந்தோஷமா போ ராசி.

ஆனால் மாடிக்குப் போய் நின்றால் வேறு நினைப்பு வந்தது. இவள் போய்விட்டால் அந்தப் பக்கம் யார் நிற்பார்கள்? எனக்கு என் வேலை எப்படித் தெரியும்? வேலைகூட இரண்டாவதுதான். மத்தியானம் சோறு தின்றுவிட்டு, "வாங்க மதினி, வெயில் தாழுமுன்ன கொஞ்சம் அடிச்சிருவோம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படி ஏறுவாளே, அதற்கு நான் எங்கே போவேன்?

இப்போது

ராசி இப்போது நரிக்குடியில் இருக்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. நீங்களாக ஒன்றை ஊகித்துக்கொண்டு என்னைப் பெரிய மனுஷி ஆக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் மீதியைச் சொல்கிறேன்.

நான் இப்போது தனியாகத்தான் வேலை செய்கிறேன். முகப்புப் பக்கம் பீரோக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருக்கிறேன். கழுத்தை ஒடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தால் படம் தெரியும். கண்ணாடி காட்டும், ஆனால் போதும் நிப்பாட்டு என்று சொல்லாது. சில நாள் ராசி வீடியோவில் வருவாள். போனை முகப்புப் பக்கம் ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் வந்துவிடுவேன். போன வாரம் அப்படித்தான், பின்னால் குக்கர் சத்தம் கேட்க, "மதினி, எங்க ஊரு பக்கம் மொட்டையா தெரியுது பாருங்க," என்றாள். எந்த ஊர் என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. திருச்சுழி பக்கத்தைத்தான் சொல்கிறாள். திருச்சுழி தாண்டித்தானே நரிக்குடி.

சரியாகத்தான் சொன்னாள். மொட்டையாகத்தான் இருந்தது. அதை அடைத்துவிட்டு மிஷினை வைத்துவிட்டேன், அன்று மேற்கொண்டு வேலை ஓடவில்லை.

கிழிசல்

அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

கிழிந்தால் ஒட்டுத்துணி வைத்துத் தைக்க வேண்டும். ராசி ஊசியில் நூல் கோத்து, கிழிசல் வழியாக இந்தப் பக்கம் நீட்டினாள். நான் ஒட்டுத்துணியை வைத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை அந்தப் பக்கம் குத்தினேன். அவள் இழுத்துத் திரும்ப இந்தப் பக்கம் குத்தினாள். இப்படியே கொஞ்ச நேரம் ஊசி போயிற்று, வந்தது.

ஒரு தடவை ஊசி அந்தப் பக்கம் போனது, திரும்பி வரவில்லை. அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தது. பதில் கேட்கிறாள்.

மனதுக்குள் தயாராக வைத்திருந்த 'சந்தோஷமா போ' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் வீட்டுக்காரர் முகம் ஞாபகம் வந்தது. நரிக்குடியில் காத்திருக்கும் அந்த நல்ல மனுஷன் ஞாபகம் வந்தார். எல்லாம் வந்தும், என் வாயிலிருந்து வந்தது வேறு.

"போகாத ராசி," என்றேன். "நீ போயிட்டா நான் என்ன செய்வேன்? எனக்கு நீ வேணும்."

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. இந்த வயதில், இன்னொருத்தி வாழ்க்கையை மறித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி. அந்தப் பக்கம் கத்தரியைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. பிறகு சட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவள் என் பக்கம் வந்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. நான் அழவைத்துவிட்டேனே என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் போன்னாக. பெங்களூர்லருந்து தம்பி போன்னான். ஊரே போ போன்னுச்சு மதினி. ஒருத்தர்கூட இருன்னு சொல்லல. இத்தன வருசமும் நான் பாரமாத்தான் இருந்திருக்கேன் போலன்னு நெனச்சேன்."

நான் குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"இங்க யாருக்கும் வேண்டாதவளா இன்னொரு வீட்டுக்குப் போயி என்ன செய்ய? நீங்களும் போன்னு சொல்லியிருந்தா, அவுகளுக்கு வேணாம்னு சொல்லிவிட்ருவோம், இங்கயே கெடந்துட்டுப் போவோம்னு இருந்தேன். இப்ப நிம்மதியா போறேன் மதினி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கொஞ்ச நேரத்தில் ஊசி இந்தப் பக்கம் வந்தது. மீதியைத் தைத்து முடித்தோம். அன்று மாலையே நரிக்குடிக்கு போன் போயிற்று. நான் நல்ல வார்த்தை சொல்லித்தான் அவள் சம்மதித்தாள் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

அவளை என்னோடு வைத்துக்கொள்ள நான் செய்திருக்க வேண்டியதெல்லாம், எல்லோரையும் போல நானும் போ என்று ஒரு வார்த்தை சொல்வதுதான். அது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாயா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். சோறு தின்றுவிட்டுத் தனியாகப் படி ஏறுகிற மத்தியானங்களில், சொல்லியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.